காலநிலை மாற்றமும் ‘மனிதகுலம்’ என்னும் மாயையும்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவோர் பலர் ஒரே பல்லவியைப் பாடுகின்றனர்: ‘மனிதகுலம் இயற்கைக்குத் தீங்கிழைத்துவிட்டது.’ கேட்பதற்கு அடக்கமாகத் தோன்றும் இக்கூற்று, குற்றவாளியைக் கூட்டத்தினுள் மறைக்கும் தந்திரமேயாகும்.

நிகழ்வது யாது? நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் பெருகும் காபனீரொட்சைட்டு, புவியினின்று வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த இவ்வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடின், வளி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெருமழைகள் மேலும் வலுக்கின்றன.

இதற்குப் பொறுப்பாளர் யாவர்? எரிபொருள்களால் இதுவரை வெளியேறிய காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினது. இலங்கையின் பங்கோ ஆயிரத்தில் ஒன்றிலும் குறைவு. இவ்விரண்டையும் ‘மனிதகுலம்’ என்ற ஒரே சொல்லால் மூடுவது விஞ்ஞானமுமன்று; நீதியுமன்று.

ஆயினும், மேற்குலகைச் சாடுவதோடு நமது ஆளும் வர்க்கம் தப்பிவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அன்றைய மழையைக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதவேண்டியதில்லை. ஆனால் வலுக்கும் மழையின் முன் முதலில் நிற்கப்போவோர் யாரென்பதை அச்சரிவு காட்டிற்று. குடியேற்ற ஆட்சியில் காடழித்துத் தேயிலை நட்ட மலைகளிலே, தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் காணியின்றி வாழும் தொழிலாளரே அவர்கள். மழை வானத்திலிருந்து வந்தது. மரணமோ அவர்களுக்குப் பாதுகாப்பான நிலம் மறுக்கப்பட்டதனால் வந்தது. இதனை ‘இயற்கை அனர்த்தம்’ என்பது எவ்வளவு வசதியான சொல்!

நாடுகளின் பொறுப்புப் பொதுவானதாயினும் வேறுபட்டது என்பதை 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்ட சமவாயம் ஏற்றுக்கொண்டது. இழப்புக்கும் சேதத்துக்குமென ஒரு நிதியம் அமைக்க இணங்குவதற்கோ 2022 வரை முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்நிதி செல்வந்த நாடுகள் இடும் பிச்சையன்று; அவை தீர்க்கவேண்டிய கடன். அக்கடன் கொழும்பின் கருத்தரங்குகளிலே கரைந்துவிடாது, மலைச்சரிவில் வாழ்வோருக்கு வீடாகவும் காணியுறுதியாகவும் சென்றடைதல் வேண்டும். மரக்கன்று நடும் விழாக்கள் இக்கோரிக்கைக்கு ஈடாகமாட்டா.