ஆறு முனைகள் வேண்டும்

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் வெள்ளைத்தாளும் கத்தரிக்கோலும் வெளியே வந்துவிடும். தாளை மடித்து நறுக்கிப் பனிப்பூக்கள் செய்து சன்னல்தோறும் ஒட்டுகிறோம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒன்றுக்கு நான்கு முனை, மற்றொன்றுக்கு எட்டு! "அலங்காரத்துக்குத்தானே, எத்தனை இருந்தால் என்ன?" என்பார் உண்டு. நாம் அதற்கு உடன்படவில்லை.

வானிலிருந்து விழும் பனிப்பூவுக்கு எட்டு முனைகள் கிடையாது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்துக்கொள்கின்றன. ஆகவேதான் ஆறு கிளைகள் விரிகின்றன.

ஜப்பானியர் இதைக் கூர்ந்து நோக்கியவர்கள். கோகா என்னும் ஊரை ஆண்ட தோய் தோஷிட்சுரா என்ற பிரபு, பனித்துகளைக் கருந்துணியில் ஏந்தி, உருப்பெருக்கியின் கீழ் வைத்து வரைந்தார். ஓரிரு நாள் அல்ல, பல ஆண்டுகள்! அவ்வாறு வரைந்த 86 வடிவங்களை 1832-இல் நூலாக வெளியிட்டார். அவை கிமோனோ ஆடைகளிலும் தேநீர்க் கிண்ணங்களிலும் இடம்பெற்றன. ஆளும் பிரபுவுக்குப் பனித்துகளை எண்ணப் பொறுமை இருந்ததே! 1936-இல் உகிச்சிரோ நகாயா என்ற அறிவியலார், ஹொக்கைடோவில், முயல் மயிரின் மீது செயற்கைப் பனிப்பூவையே வளர்த்துக் காட்டினார்.

அந்நாட்டில் தாள் வெட்டுதலும் விளையாட்டு வேலையாக நின்றுவிடவில்லை. 'கிரு' என்றால் வெட்டு, 'காமி' என்றால் தாள். இரண்டும் சேர்ந்தது கிரிகாமி. தாளை மடித்து வெட்டிக் குடும்பச் சின்னங்களை உருவாக்கும் 'மோன்கிரி' எடோ காலத்திலேயே வழங்கியது. 1721-இல் வெளிவந்த ஒரு புதிர் நூல், மடித்த தாளில் ஒரே ஒரு வெட்டில் ஒரு சின்னத்தை வரவழைக்கச் சொல்கிறது. இது கணக்கா, கைவேலையா? இரண்டும்தான் என்போம்.

ஆகவே நம் கைவேலை வகுப்பிலும் மடிப்பை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்பது நம் கருத்து. பாதி, பாதி என்று மடிப்பது எளிது. அதனால்தான் நான்கும் எட்டும் வருகின்றன. சதுரத்தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து பாகைமானியால் 60 பாகை வீதம் மூன்றாகப் பிரித்து மடித்து, மறுபடி பாதியாக்கினால் பன்னிரண்டு அடுக்குகள் கிடைக்கும். அதில் நறுக்கினால் ஆறு முனைகள் தாமே வந்துவிடும்.

ஒன்றாம் வகுப்புத் தங்கைகள் எட்டு முனை வெட்டட்டும். அதை நட்சத்திரம் என்று ஒட்டிக்கொள்ளலாம், சண்டை இல்லை. மற்றவர்களுக்கு ஒரு சொல்: தடித்த தாள் வேண்டாம், பன்னிரண்டு அடுக்கைப் பள்ளிக் கத்தரிக்கோல் கடிக்காது.