பட்டை தீட்டின அரிசியும் பட்டம் வாங்கின டாக்டர்களும்

1/ கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. ஜப்பான்னா சாமுராய், சுஷி, புல்லட் ரயில்னு பேசுவோம். டாக்டரா எனக்கு அந்த நாட்டு வரலாற்றுல முக்கியமாப் படறது பெரிபெரி. ஆதாரம் கண்ணு முன்னாடி இருந்தும் பெரிய டாக்டர்கள் ஏத்துக்காததால ஆயிரக்கணக்கானவங்க செத்த கதை.

2/ இன்னிக்கு டோக்கியோ, அன்னிக்கு எடோ. அங்க வெள்ளைச் சோறுதான் அந்தஸ்து. கிராமத்துல தீட்டாத அரிசி, பார்லி, தினைன்னு சாப்பிட்ட ஆளுங்க பிரபுக்களோட எடோ வந்து தங்கினா கால் மரத்துப்போகும், வீங்கும், சிலருக்கு இதயமே நின்னுடும். ஊர் திரும்பினா சரியாயிடும். அதனால 'எடோ நோய்'னே பேரு.

3/ காரணம் இப்போ நமக்குத் தெரியும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோட வைட்டமின் பி1, அதாவது தயமின், போயிடுது. ஆனா அப்போ வைட்டமின்ங்கிற சொல்லே கிடையாது.

4/ 1870-கள்ல ஜப்பான் கடற்படையில வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு மாலுமிகளுக்கு இந்த நோய். லண்டன்ல படிச்சுட்டு வந்த கடற்படை டாக்டர் டகாக்கி கனேஹிரோ ஒண்ணு கவனிச்சார். சாதா மாலுமிக்கு வருது, நல்லா சாப்பிடற அதிகாரிக்கு அவ்வளவா வரல. அப்போ சாப்பாட்டுலதான் ஏதோ இருக்கு.

5/ 1882-83-ல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் போய்த் திரும்புச்சு. 370-க்கும் மேற்பட்டவங்கள்ல 169 பேருக்கு பெரிபெரி. 25 பேர் சாவு.

6/ டகாக்கி விடல. 1884-ல் த்சுகுபா என்ற கப்பலை அதே பாதையில அனுப்ப வெச்சார். சாப்பாடு மட்டும் வேற. இறைச்சி, பால், ரொட்டி, காய்கறி. நோய் வந்தது சுமார் 15 பேருக்கு. பெரிபெரியால ஒரு சாவு கூட இல்ல. அப்புறம் அரிசியோட பார்லி கலந்து போட்டாங்க. சில வருஷத்துல கடற்படையில நோய் கிட்டத்தட்ட காலி.

7/ தரைப்படை? அதோட மருத்துவத் தலைமை ஜெர்மன் பாணி. டோக்கியோ பல்கலைக்கழகமும் அதே பக்கம். எல்லா நோய்க்கும் கிருமி தேடின காலம். 1885-ல் ஒகாட்டா மசனோரி பெரிபெரி கிருமியைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சார். அது தப்புன்னு சொன்ன கிடாசாட்டோவுக்கு நன்றி கெட்டவன்னு பேரு.

8/ நியாயமாவும் பேசணும். டகாக்கி சொன்ன காரணம் தப்பு. புரதக் குறைவுன்னு நினைச்சார். அந்த ஓட்டையைப் பிடிச்சு எதிர்த்தவங்க முட்டாள்கள் இல்ல. அதுல ஒருத்தர் மோரி ஓகாய், நவீன ஜப்பான் இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர், ராணுவ டாக்டர். ஆனா விளக்கம் தப்புங்கிறதுக்காக, குணமான மாலுமிகளோட கணக்கு பொய்யாயிடுமா?

9/ விலை 1904-05 ரஷ்யப் போர்ல தெரிஞ்சுது. களத்துக்குப் போனது வெள்ளை அரிசி. ஏழை வீட்டுப் பையனுக்கு அது ராணுவம் தந்த பெருமை கூட. சுமார் 2.5 லட்சம் வீரர்களுக்கு பெரிபெரி. சுமார் 27,000 பேர் செத்தாங்க. கடற்படை வழி காட்டி 20 வருஷம் ஆன பிறகு! பார்லி கலக்க உத்தரவு வந்தது 1905 மார்ச்ல.

10/ 1910-ல் சுசுகி உமேதாரோ தவிட்டுல இருந்தே அந்தச் சத்தைப் பிரிச்சார். அவர் விவசாய வேதியியலாளர், டாக்டர் இல்ல. மருத்துவ உலகம் பெருசா மதிக்கல.

11/ நமக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. அதே காலத்து மலேயாவுல வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அவ்வளவா இல்லன்னு அங்க இருந்த டாக்டர்கள் கவனிச்சாங்க. நெல்லை அவிக்கும்போது தயமின் அரிசிக்குள்ள இறங்கிடுது.

12/ 'அப்போ வாட்ஸ்அப் வைத்தியரும் டகாக்கிதானே, டாக்டருங்க ஒத்துக்கலன்னுதானே அவரும் சொல்றார்?'னு கேப்பீங்க. இல்லைங்க. டகாக்கி ரெண்டு கப்பலை ஒப்பிட்டு, எத்தனை பேர் படுத்தாங்க, எத்தனை பேர் செத்தாங்கன்னு எண்ணிக் காட்டினார். குணமானவரை மட்டும் காட்டி, செத்தவரை மறைக்கிறவர் டகாக்கி ஆக முடியாது.

13/ என் சகாக்களுக்கும் ஒண்ணு. வார்டுல குடிநோயாளி வந்தா குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி தயமின் போடறோம். அது இன்னிக்கு நமக்கு சாதாரண ஊசி. அதுக்குப் பின்னாடி இவ்வளவு சாவு இருக்கு. நாளைக்கு ஒரு நர்ஸோ, கிராம சுகாதாரப் பணியாளரோ 'சார், இந்த மாதிரி கேஸ் அதிகமா வருது'ன்னு நோட்டோட வந்து நின்னா, அவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு கேக்காதீங்க. முதல்ல நோட்டை வாங்கிப் பாருங்க.