உல்லாசப் படகுத்துறைகளும் எமது கடற்றொழிலாளரும்

கொழும்புத் துறைமுக நகருக்கென வரையப்பட்ட படங்களில் வெள்ளைப் பாய்ப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்கும் உல்லாசப் படகுத்துறை ஒன்றும் உண்டு. 2014இல் வேலை தொடங்கிய அத்திட்டத்துக்காகக் கடலை நிரப்பி ஆக்கப்பட்ட நிலம் 269 ஹெக்டேயர். அதற்கு வேண்டிய மணல் நீர்கொழும்புக்கு அப்பாலுள்ள கடலடியிலிருந்து அள்ளப்பட்டது. மீன் பெருகும் இடங்கள் அழிகின்றன, கரையைக் கடல் அரிக்கின்றது என்று 2016இல் கடற்றொழிலாளர் நீர்கொழும்பில் உண்ணாவிரதம் இருந்தபோது குருக்களும் அவர்களுக்குத் துணைநின்றனர். அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எமக்கு இன்றும் ஐயமில்லை.

ஆயினும் அந்நாட்களிலிருந்து எம்மிடையே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. உல்லாசப் படகு என்ற சொல் காதில் விழுந்தாலே, அது பணக்காரரின் விளையாட்டு, எமக்கு அதில் என்ன வேலை என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். கூட்டங்களில் நாமும் அப்படியே பேசிவந்தோம். அது தவறென்று இப்போது எண்ணுகின்றோம். உல்லாசப் படகுக்காரருக்கென உருவாகிவரும் தொழில்நுட்பங்களுள் சில, களப்பிலும் கரையோரத்திலும் சிறுதொழில் செய்யும் எம் மக்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

இது புதுமையான வாதமுமன்று. இன்று எமது கரைகளில் நிற்கும் கண்ணாடி நாரிழைப் படகு எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலக யுத்தத்தின் பின் மேல்நாடுகளில் ஓய்வுநாட் சவாரிக்கெனப் படகு கட்டியவர்களே அந்தப் பொருளைப் பெருமளவில் பரப்பினர். பின்னர் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனத்தில் எமது இளைஞர் அதே பொருளால் மீன்பிடி வள்ளம் கட்டக் கற்றனர். பணக்காரரின் பொருளென்று அன்று எவரும் அதைத் தள்ளிவைக்கவில்லை.

இப்போது வந்துகொண்டிருப்பது மின்சார வெளியிணைப்பு இயந்திரம். ஜேர்மனியில் 2005இல் தொடங்கிய டோர்க்கீடோ என்ற கம்பனி ஏரிகளில் உலாவும் சிறு படகுகளுக்கென இவற்றைச் செய்து பெயர்பெற்றது. 2024இல் அக்கம்பனியை வாங்கியது எது தெரியுமா? எமது கரையோரச் சிறுவர்களும் அறிந்த யமஹாதான். மண்ணெண்ணெய் இயந்திரத்தை எமக்கு விற்றவர்களே மின்சாரத்தில் பணம் போடுகின்றார்கள் என்றால் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. அதற்கு முன்னரே பல வாரங்கள் வெற்றுக் கலன்களோடு வரிசையில் நின்றவர்கள் எம் மக்கள். அந்த மாதங்களில் எத்தனை வள்ளங்கள் கரையேற்றிக் கிடந்தன என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி உண்டு. சிறிய வெளியிணைப்பு இயந்திரம் அதில் ஐந்திலொரு பங்கு அளவையே சுழலியில் சேர்க்கின்றது. எஞ்சியது வெப்பமாகவும் புகையாகவும் போய்விடுகின்றது. ஆகவே நாளொன்றுக்கு 3 லீற்றர் எரிக்கும் களப்பு வள்ளத்துக்கு உண்மையில் தேவைப்படுவது 6 அலகே. இடையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 8 அலகு கொள்ளும் லிதியம் மின்கலத்தின் நிறை சுமார் 60 கிலோ, ஒரு மூட்டை சீமெந்துக்குச் சற்று மேல். வாடியின் கூரையில் 2 கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்தினால் நல்ல வெயில் நாளில் அந்த அளவு மின்சாரம் கிடைத்துவிடும்.

ஆழ்கடல் செல்பவர்களுக்கு இக்கணக்குப் பொருந்தாது. நாளுக்கு 25 லீற்றர் எரிக்கும் படகுக்கு ஏறத்தாழப் பத்துச் சீமெந்து மூட்டைகளின் நிறையுள்ள மின்கலம் வேண்டும். பிறகு மீனை எங்கே போடுவது? வேகத்துக்கும் விலையுண்டு. நீரைக் கிழித்து மெதுவாகச் செல்லும் வள்ளத்தில் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறக்குறைய எட்டு மடங்கு வலு தேவை. எனவே விற்பனைக்கு வரும் முகவர்கள் எல்லாப் படகுக்கும் ஏற்றது என்று சொன்னால் நம்ப வேண்டாம். இறால் கூடு வைக்கவும், களப்பில் வலை போடவும், நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லவும் இது போதுமா என்று பரீட்சித்துப் பார்ப்பதே முறை. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு 2017 ஜனவரியில் சேவையைத் தொடங்கியது. வேம்பநாட்டுக் காயலின் வெயிலும் எமது களப்புகளின் வெயிலும் பெரிதும் வேறுபட்டவை அல்ல.

இரண்டாவது விடயம் எமக்குச் சற்று வெட்கம் தருவது. 2004 ஆழிப்பேரலையின் பின் நன்கொடை நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு நாரிழைப் படகுகளைக் கொடுத்தன. தேவைக்கு மேலாகவும் கொடுத்தன, தரம் பாராமலும் கொடுத்தன. திருச்சபையின் அமைப்புகளும் அந்த வரிசையில் நின்றன. நாமும் படகுகளை மந்திரித்து நாடா வெட்டியவர்கள்தாம். இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. வெடித்துப் பிளந்த படகுகள் தாழைப் புதர்களுக்குள் கிடக்கின்றன. அவை உக்குவதில்லை. எரித்தால் நச்சுப் புகை.

உல்லாசப் படகுகள் மலிந்த பிரான்சில் இதே தொல்லை எழுந்தபோது அவர்கள் செய்ததைக் கேளுங்கள். 2019 முதல் புதிய உல்லாசப் படகு ஒவ்வொன்றையும் சந்தைக்கு விடுபவர் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். அப்பணத்தைக் கொண்டு பழைய படகுகள் உரிமையாளரிடம் காசு வாங்காமல் பிரித்தெடுக்கப்படுகின்றன. நிலையம்வரை கொண்டுவரும் செலவு மட்டும் உரிமையாளருடையது. நொறுக்கிய நாரிழையை ஐரோப்பாவில் சீமெந்துச் சூளைகளிலும் பயன்படுத்துகின்றனர். புத்தளத்துச் சூளையில் ஆலைக்கழிவுகளை எரிபொருளாக்கும் வேலை ஏற்கெனவே நடந்துள்ளது. பழைய படகுகளையும் அங்கே சேர்க்க முடியுமா என்று கேட்க ஒரு கடிதம் போதும். படகு கொடுத்த நிறுவனங்களே அக்கடிதத்தை எழுதுவது பொருத்தம்.

இவ்வளவும் சொன்னதனால் படகுத்துறைகளுக்கு வக்காலத்து வாங்குகின்றோம் என எவரும் எண்ண வேண்டாம். பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் இல்லாமற் போயின, வளர்ந்தவற்றின் ஓடுகளும் கோணின. உல்லாசப் படகுகளின் அடிப்பாகத்தில் பாசி பிடியாதிருக்கப் பூசிய வெள்ளீயச் சேர்வை வர்ணமே காரணமென அறிந்து 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடைசெய்தனர். அதற்குள் சிப்பி வளர்த்தவர்கள் நட்டப்பட்டுவிட்டனர். உலகம் முழுவதற்குமான தடை 2008இலேயே நடைமுறைக்கு வந்தது.

அலைதாங்கிச் சுவரின் கதையை அறிய வெளிநாடு போகத் தேவையில்லை. ஒலுவிலில் 2013இல் துறைமுகம் திறக்கப்பட்டது. கரையோரமாக நகரும் மணலைச் சுவர் மறித்தது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது, அப்பால் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. தென்னந்தோட்டங்களும் கரைவலைப் பாடுகளும் போயின. மீன்பிடித் துறைமுகத்துக்கு நேர்ந்தது உல்லாசத் துறைக்கு நேராதா? கிழக்கின் மணற்கரைகளில் யாராவது கற்சுவரோடு வந்தால், மணல் எத்திசைக்கு எவ்வளவு நகர்கின்றது என்ற ஆய்வை முதலில் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வள்ளம் இழுக்கும் பாதை எவருடைய உறுதியில் இருக்கின்றது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

எமது யோசனை சிறியது. ஒரு களப்பைத் தெரிவு செய்து, ஐந்து வள்ளங்களுக்கு மின்சார இயந்திரம் பூட்டி, இரண்டு பருவங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்கலங்கள் தனியாருடையவையாக அன்றிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியவையாக இருக்கட்டும்; அவற்றின் விலைதான் பெரிது, கடன்பட்டு வாங்கியவர் அடுத்த ஆண்டே சம்மாட்டியிடம் அடகு வைப்பார். உப்புநீரில் பழுதாகும் இணைப்புகளைத் திருத்த ஊரிலேயே இரண்டு இளைஞருக்குப் பயிற்சி தேவை. செலவுக் கணக்கைச் சங்கமே எழுதட்டும், நன்கொடையாளர் அல்ல.

இதைப்பற்றி ஒரு கரையில் பேசிக்கொண்டிருந்தபோது, மாரியில் வெயில் காணாத நாட்களில் மின்கலத்தை எங்கே நிரப்புவது என்று ஒரு முதியவர் கேட்டார். வாடிக்கு மின்சார சபையின் இணைப்பும் இருக்க வேண்டும் என்றோம். "அது இருந்தால் ஐஸ் பெட்டியே வைத்திருப்போமே, சுவாமி" என்றார். அந்த வாடிக்கு இணைப்பு இல்லை. முதல் மனுவை அதற்காகவே எழுதிக்கொண்டிருக்கின்றோம்.