கைக்கெட்டும் மானும் கண் காணா இறைவனும்

"இலையுதிர் காலம் வந்துவிட்டால் என் மகனுடைய பள்ளித் தோழர்கள் தங்கள் தந்தையரோடு மான் வேட்டைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளை, 'வாப்பா, நாமும் போவோமா?' என்று கேட்கிறான். நான் என்ன விடை கூறுவது?" அமெரிக்காவில் குடியேறி வாழும் உறவினர் ஒருவர் இவ்வாறு வினவினார்.

'கூடாது' என்ற ஒரே சொல்லில் இதனை முடித்துவிட இயலாது. மார்க்கம் வேட்டையை அனுமதித்திருக்கிறது. ஆயினும் அந்த அனுமதியைக் கூறும் மாயிதா அத்தியாயம், இஹ்ராம் உடையில் இருப்போர் வேட்டையாடலாகாது என்ற தடையையும் அதனருகிலேயே வைத்திருக்கிறது. எப்போது எய்யலாம் என்பதோடு எப்போது எய்யாதிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே வேட்டைக் கல்வி. அவ்விரண்டிலும் பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது இரண்டாவதையே என்பது எமது கருத்து.

சிந்தித்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் இஹ்ராம் உடையோடு தங்கியிருந்த ஸஹாபாக்களுக்கு ஒரு சோதனை வந்ததாக விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். வேட்டைப் பிராணிகள் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வந்து நின்றன. தன்னைக் காணாமலே தனக்கு அஞ்சுவோர் யார் என்பது வெளிப்படும் பொருட்டே இச்சோதனை என்று அதே அத்தியாயத்தின் 94ஆம் வசனம் அறிவிக்கின்றது. கை எட்டியும் கை நீளாதிருப்பதே அங்கே வெற்றியாயிற்று!

அமெரிக்க வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் 1949ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதையொத்த கருத்தைச் சொல்லியிருக்கிறார். வேட்டைக்காரனைப் பாராட்டவோ பழிக்கவோ காட்டில் பார்வையாளர் எவருமில்லை. அவனுடைய மனச்சாட்சி ஒன்றே அவனுக்கு நடுவர் என்பது அவர் கருத்து. அந்தத் தனிமையிலும் பார்த்துக் கொண்டிருப்பவன் ஒருவன் உண்டு என்பதை நம் பிள்ளை தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்கிறான். அதனைச் செயலில் காட்டுவதற்குக் காடு ஒரு பள்ளிக்கூடம்.

அந்நாட்டுச் சட்டங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. மானை உண்ணும் ஓநாய்கள் பல மாநிலங்களில் அற்றுப்போனதால், மான்கள் அளவின்றிப் பெருகி, இளஞ்செடிகளை மேய்ந்தழித்து, பனிக்காலத்தில் பட்டினியால் மடியும் நிலை ஏற்படுகிறது. ஆகவே வேட்டைக்குரிய காலத்தையும் எண்ணிக்கையையும் ஒவ்வொரு மாநில அரசும் வரையறுக்கின்றது. இளையோருக்கு வேட்டைப் பயிற்சி கட்டாயம் என நியூயார்க் மாநிலம் 1949ஆம் ஆண்டிலேயே விதித்தது. உரிமம் இல்லாமலோ, காலம் தப்பியோ எய்த மானின் இறைச்சியைப் பிள்ளையின் தட்டில் வைக்கும் தந்தை, சட்டத்தை மீறலாம் என்ற பாடத்தையும் சேர்த்தே ஊட்டுகிறார்.

இனி, பெற்றோர் கற்பிக்க வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, ஆயுதத்தின் ஒழுக்கம். ஒருவர் தம் சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. ஷைத்தான் அதைக் கையிலிருந்து தவறச் செய்துவிடக்கூடும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது. அதன் வாயை மனிதர் பக்கம் திருப்பாதே. குறி எதுவென்றும், குறிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்றும் அறியாமல் விசையில் விரல் வைக்காதே என்று இன்றைய பயிற்சியாளர்கள் கற்பிப்பதும் இதன் விரிவே அன்றோ?

இரண்டாவது, உயிரை வதைக்காமை. அல்லாஹ் அனைத்திலும் நன்முறையை விதித்திருக்கிறான். அறுப்பவர் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். மான் பக்கவாட்டில் அசையாது நின்று, முன்னங்காலை அடுத்துள்ள நெஞ்சுப் பகுதி தெளிவாகத் தெரிந்தாலன்றி எய்யலாகாது. ஓடும் மானை எய்தால் அது காலொடிந்தோ குடல் கிழிந்தோ நெடுநேரம் துடிக்க நேரிடும். குறியில் உறுதி இல்லையெனில் துப்பாக்கியைத் தாழ்த்திவிட வேண்டும். அன்று வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையைத் தந்தை மனமாரப் பாராட்ட வேண்டும்.

மூன்றாவது, நேர்மை. அதீ பின் ஹாதிம் (ரலி) வேட்டை பற்றிக் கேட்ட வினாக்களுக்கு நபிகளார் (ஸல்) அளித்த விடைகள் எத்துணை நுட்பமானவை! அல்லாஹ்வின் பெயர் கூறி எய்த பிராணியைப் பின்னர் உங்கள் அம்பின் காயத்தோடு மட்டுமே கண்டால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடக்கக் கண்டால் உண்ணலாகாது. ஏனெனில் அதைக் கொன்றது அம்பா, நீரா என்று உங்களுக்குத் தெரியாது. காயம்பட்ட மானின் இரத்தத் தடத்தைப் பின்பற்றித் தேடிச் செல்வது கடமை. ஐயத்திற்குரியதை விட்டுவிடுவதும் கடமை. உயிரோடு கிடைத்தால் முறைப்படி அறுத்துவிட வேண்டும். குண்டடியாலேயே மாண்டதைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே புறப்பட வேண்டும்.

நான்காவது, தொழுகை. மான்கள் பெரிதும் நடமாடுவது வைகறையிலும் அந்தியிலும் ஆகும். அவையே சுபுஹும் மஃரிபும் நம்மை அழைக்கும் நேரங்கள்! வேட்டையின் பின்னால் செல்பவன் மறதிக்கு ஆளாகிறான் என்ற நபிமொழி இங்கே நினைவுக்கு வருகிறது. மான் போனாலும் போகட்டும், தொழுகை போகலாகாது என்பதைத் தந்தை காட்டிலேயே தொழுது காட்ட வேண்டும்.

'இது அமெரிக்காவின் செய்தி, நமக்கென்ன?' என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றமாகும். நம் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதியின் பாடம் இல்லை. தடையின் பாடம் மட்டுமே உண்டு. ஆனால் உண்டிவில் இல்லாத தெரு உண்டா? அணிலையும் சிட்டுக்குருவியையும் குறிபார்க்கும் பிள்ளையைக் கண்டு, 'நல்ல குறி!' என்று நகைக்கும் பெரியவர்கள் நம்மிடையே இல்லையா?

உயிருள்ள பறவையைக் கட்டிவைத்துக் குறிபார்த்து எய்த இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி), உயிருள்ளதை இலக்காக்குவோரை நபிகளார் (ஸல்) சபித்துள்ளார்கள் என்று கண்டித்தார்கள். சிறு கல்லைச் சுண்டி எறிவது வேட்டையையும் வீழ்த்தாது, பகைவனையும் வீழ்த்தாது. பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்ற நபிமொழியை அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி) ஒருவருக்கு எடுத்துரைத்தார்கள். அதன் பின்னரும் அவர் கல் எறியக் கண்டு, அவரோடு பேசுவதையே நிறுத்தினார்கள். அவர்கள் அதனைச் சிறு பிழையாக எண்ணவில்லை.

பெற்றோர்களே! உயிரைப் பறிப்பதில் இன்பம் காணப் பழகிய உள்ளம், நாளை மனிதர்பால் இரக்கம் கொள்ளுமா? உறவினருக்கு யாம் கூறிய விடை இதுவே: பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முதல் ஆண்டு துப்பாக்கி கொடுக்காமல், மானைப் பார்க்க மட்டும் கற்றுக் கொடுங்கள். எய்யாமல் திரும்பும் நாளும் நல்ல நாளே என்று அவன் உணர்ந்த பின், எய்வதைப் பற்றிப் பேசலாம்.

கண் காணா இறைவனுக்குக் காட்டிலும் அஞ்சும் மக்களை நமக்கு வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.