பொறுமையின் பெயரால் வாயை அடைக்க வேண்டாம்



விபத்தில் கால்களை இழந்த இளைஞரைக் காணச் செல்கிறோம். அருகிலேயே அமர்ந்திருக்கும் அவரை விட்டுவிட்டு, "பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?" என்று தாயாரிடம் வினவுகிறோம். அவர் கண் கலங்கினாலோ, "ஸபூர் செய் தம்பி, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று கூறி எழுந்துவிடுகிறோம். சொன்னது சத்தியமே. ஆயினும் அச்சொல் அவருக்கு ஆறுதல் அளித்ததா, அன்றி அவர் வாயை அடைத்ததா?

அழகிய பொறுமைக்கு முன்மாதிரியாகத் திகழ்ந்தவர்கள் யஃகூப் நபி (அலை) அவர்கள். மகனைப் பிரிந்த துயரால் அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. எனவே துயருறுவது பொறுமைக்கு மாறானதன்று.

"அல்லாஹ்விடம் முறையிட்டால் போதாதா? மனநல ஆலோசகர் எதற்கு?" எனச் சிலர் கேட்கலாம். காய்ச்சலுக்கு துஆவும் கேட்கிறோம்; மருத்துவரிடமும் செல்கிறோம். நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்களே. உள்ளத்தின் நோய்க்கு மட்டும் வேறு நியாயமா?

ஆலோசனை என்பது புத்திமதி கூறுவதன்று. பயிற்சி பெற்ற ஒருவர் பொறுமையாகச் செவிசாய்த்து, துயருற்றவர் தம் வழியைத் தாமே காணத் துணைநிற்பதாகும். அதற்குத் தனிமை வேண்டும். செவித்திறனற்ற பெண்ணுக்குத் தாயே சைகைமொழி பெயர்த்தால், வீட்டில் தான் படும் வேதனையை அவள் எங்ஙனம் உரைப்பாள்? அங்கே வெளியாள் ஒருவரே மொழிபெயர்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படிக்கட்டு தடையாகக் கூடாது. சொன்னது இரகசியமாகக் காக்கப்படுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே அளித்துள்ளது. வெளியே செல்ல இயலாதோர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) நாடி வந்த வேளையில் அவர் பக்கம் முகம் திரும்ப வேண்டும் என்பதற்காகவே இறைவசனங்கள் இறங்கின. நம் முகம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது?

இன்று ஜும்ஆ முடிந்து திரும்புகையில் அத்தகைய வீடொன்றுக்குச் செல்லுங்கள். அவருக்கே ஸலாம் கூறி, அவரிடமே நலம் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை எழாதீர்கள். உறக்கமின்றித் தவித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்றாலோ கடிந்துகொள்ளாமல் அன்றே உதவியை நாடுங்கள். ஆலோசகரிடம் அழைத்துச் சென்றால், அவரை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே காத்திருங்கள். அந்தக் காத்திருப்பும் ஸபூர்தான்.