பூட்டு விற்பவன் சாவி வைத்துக்கொள்ளலாமா?



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா, ஏ.டி.எம். கார்டு உறையிலேயே ரகசிய எண்ணை எழுதி வைத்திருந்தார். "மறந்துபோனா யாருகிட்டடா கேக்கறது?" என்பார். அவரை நினைத்துத்தான் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்றை எழுதினேன். "வித்தா காசுடா!" என்கிறார்கள் நண்பர்கள்.

விற்கலாம், தப்பில்லை. ஆனால் ஒற்றை ஆள் எழுதியதை ஊரார் எப்படி நம்புவார்கள்? 2003-இல் டொமினிக் ரைக்ல் வெளியிட்ட கீபாஸ் இலவசம். 2016-இல் கைல் ஸ்பியரின் தொடங்கிய பிட்வார்டன் காசுக்கும் விற்கிறது. இரண்டுமே மூல நிரலை எல்லோரும் படிக்கத் திறந்து வைத்தவை. நாலு பேர் பார்த்தால்தானே ஓட்டை தெரியும்! சொந்தமாக ஒரு ரகசிய முறையைக் கண்டுபிடிக்காமல், 2001-இல் தரமாக அறிவிக்கப்பட்ட ஏ.இ.எஸ். முறையையே எடுத்துக்கொள்ள வேண்டும். முதன்மைப் பாஸ்வேர்டு விற்பவன் கைக்கு வரவே கூடாது. "மறந்தால் என்னாலும் திறக்க முடியாது" என்று காசு வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் அம்மாவின் கேள்விக்கு என்ன பதில்? "அந்த ஒன்னை மட்டும் தாளில் எழுதிப் பெட்டியில பூட்டி வைம்மா" என்றேன். சிரித்தார்.

செயலி விற்குமோ விற்காதோ, நேர்மையை விற்க வேண்டாம் நண்பர்களே!