உள்ளம் எங்கே இருந்தது?

 

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, வடமதுரையில் எங்கள் வீட்டில் உணவு உண்டுகொண்டிருந்தேன். அருகில் அமர்ந்திருந்த என் தாயார் ஏதோ கூறினார்கள். "சரிம்மா" என்றேன். கண் கைப்பேசியில் இருந்தது. கருத்தோ மறுநாளைய மதரஸா வேலைகளில் இருந்தது. பத்து நாள் கழித்து, அவர்களுடைய இடக்கால் சிறுவிரல் கறுத்திருப்பதை என் மனைவி கண்டார். "அன்னைக்கே சொன்னேனேப்பா, கால் மரத்துக் கிடக்கு, செருப்புக் கடிச்சதுகூடத் தெரியலைன்னு" என்றார்கள் தாயார். நெடுநாள் நீரிழிவுக்காரர். விரலை அகற்ற வேண்டியதாயிற்று.

"சரிம்மா" என்றது என் நாவுதான். நான் அங்கே இல்லை.

தாங்களும் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று காலை உண்ட சட்டினியின் சுவை நினைவில் உள்ளதா? லுஹரின் இரண்டாம் ரக்அத்தில் எந்தச் சூராவை ஓதினீர்கள்? "ஹஜ்ரத், எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே மறந்துவிடுகிறது" என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. குறைந்த எண்ணிக்கையைக் கொண்டு நிறைவு செய்து, ஸஜ்தா ஸஹ்வு செய்யுமாறு சட்டம் கூறி அனுப்பிவிடுவேன். உள்ளம் ஏன் ஓடியது என்று ஒருநாளும் பேசியதில்லை.

இதனைப் பயிற்சியாகவே கற்பிக்கிறார்கள். மைண்ட்ஃபுல்னஸ், அதாவது விழிப்புணர்வுத் தியானம் என்பது அதன் பெயர். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்ற அறிவியலாளர், தீராத வலியுடையோருக்கு ஒரு பயிற்சியாக இதை அமைத்தார். அவர் கற்றது பௌத்த ஆசிரியர்களிடம். ஆனால் மருத்துவமனையில் மதச் சடங்கு எதுவுமின்றிக் கற்பித்தார். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலைப்பாதையில் பெருமாள்மலையில், போதி ஜென்டோ என்னும் தியான நிலையம் 1996-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். ஜப்பானில் யமாடா கோவுன் என்ற ஆசானிடம் ஜென் பயின்றவர்.

"நம்மிடம் இல்லாததா? முராகபா இல்லையா?" என்று சிலர் கேட்பர். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் முராகபாவுக்கும் முஹாஸபாவுக்கும் தனி நூலே உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முராகபாவில் அடியான், தன்னை இறைவன் பார்க்கிறான் என்ற உணர்வில் நிற்கிறான். இப்பயிற்சியிலோ தன் மூச்சையும் உடலையும் எண்ண ஓட்டத்தையும் கவனிக்கிறான், அவ்வளவே. அது வணக்கம், இது பயிற்சி. தொழுகைக்குள் மூச்சை எண்ணும்படி நான் எவருக்கும் கூறமாட்டேன்.

முறை எளிது. முதுகு நிமிர்ந்து அமருங்கள், நாற்காலியிலும் அமரலாம். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், இயல்பாக விடுங்கள். வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்துப் பத்து வரை எண்ணுங்கள். நான்கை எட்டுவதற்குள் உள்ளம் ரேஷன் கடைக்கோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ போய்விடும். போனதை அறிந்தவுடன் சலிக்காமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சியின் உயிர். முதல் வாரம் நான் பத்தைத் தொட்டதே இல்லை. தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும்.

கபட்-ஜின் தம் பயிற்சியாளரிடம் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, அதைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணச் சொல்வார். நமக்கு நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம் இருக்கிறது. அடுத்த ரமளானில், இன்ஷா அல்லாஹ், முதல் பழத்தை அவ்வாறு உண்டு பாருங்கள். கஞ்சிக் கோப்பை எங்கும் ஓடிவிடாது! சகோதரிகள் பாத்திரம் துலக்கும்போதும் செய்யலாம்; கையில் படும் நீரின் குளிர்ச்சியைக் கவனித்தால் போதும். ஒன்று மட்டும் எச்சரிக்கை. கண்மூடி அமர்ந்தால் சிலருக்குப் பழைய துயரம் பொங்கி வரும், பதற்றம் கூடும். அவர்கள் நிறுத்திவிட்டு மருத்துவரை நாடட்டும். மனநோய்க்கோ நீரிழிவுக்கோ இது மருந்தன்று.

இப்போது இஷாவுக்குப் பின் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, தாயாரின் இரு பாதங்களையும் விளக்கொளியில் பார்க்கிறேன். விரலிடுக்கு, குதிகால், நகம் என ஒவ்வொன்றாக. நேற்று நடுவில் உள்ளம் எங்கோ போயிற்று. மீண்டும் பெருவிரலிலிருந்து தொடங்கினேன். "பார்த்த காலையே ஏம்ப்பா பார்க்குற?" என்றார்கள்.